காய்ச்சல் விட்ட அன்று

போன கோடையில் எடிசனில் நம் தமிழ் டாக்டர்கள் குடும்பத்தோடு பிக்னிக் போயிருந்தோம். ரெசிடென்சி பயிற்சி முடித்த கையோடு வேலையில் சேர்ந்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்து, "ஆன்டி, நீங்க இவ்வளவு வருஷம் இன்ஃபெக்‌ஷன் டாக்டரா இருந்திருக்கீங்க. எங்களுக்கு ஒரே ஒரு அட்வைஸ் குடுங்க" என்றாள். என் ஒரு கையில் சுட்ட சோளம், மறு கையில் மோர். வாயிலும் சோளம். "வெயில்ல நிக்காத, நிழலுக்கு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் அதையே பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு போனாளோ என்னவோ. அவளுக்கும், அவளைப் போலப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் சொல்ல நினைத்ததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

எந்த மருந்து, எவ்வளவு, எந்த டெஸ்ட் என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட வேகமாகச் சொல்லும், என்னைப் போலத் திட்டவும் செய்யாது. நான் சொல்லப்போவது வேறு. ரூமில் இருக்கிற எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது நீங்கள் ஒருத்தர் மட்டும் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல வேண்டி வரும். எல்லாரும் உங்களை முறைப்பார்கள். அந்த முறைப்பைத் தாங்கிக்கொண்டு நிற்பது எப்படி என்று எந்தப் போனிலும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மீரா என்று ஒரு ரெசிடென்ட் டாக்டர் என்னைக் கூப்பிட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். கெட்டிக்காரி. அவள் சொன்ன கதை இதுதான்.

தங்கவேல் என்று ஒரு பேஷன்ட். பண்ருட்டிக்காரர். பல வருஷமாக டான்சானியாவில் டார் எஸ் சலாமில் இருந்துகொண்டு முந்திரிக்கொட்டை வாங்கி நம் ஊருக்குக் கப்பலில் அனுப்புகிற வியாபாரம். எடிசனில் இருக்கும் மகள் கவிதாவின் வளைகாப்புக்காக வந்தவர். வந்து இறங்கிய மறுநாளே காய்ச்சல். எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காய்ச்சல் என்றதும் மலேரியா டெஸ்ட் பண்ணினார்கள். ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டால் கோடு விழுகிற டெஸ்ட். கோடு விழுந்தது. மலேரியா. மருந்து கொடுத்தார்கள், இன்று காலையிலிருந்து காய்ச்சல் விட்டுவிட்டது. பிளேட்லெட் கொஞ்சம் குறைவு, ஆனால் மலேரியாவில் அது வழக்கம்தான். நான் ஒரு தலையசைப்பு கொடுத்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"ஹி லுக்ஸ் கிரேட், டாக்டர்" என்றாள் மீரா.

ரூமுக்குள் போனேன். கட்டிலில் ஒருவர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற வயிற்றோடு மகள் கவிதா, அப்பாவின் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. நீங்க எந்த ஊரு?" என்றார் தங்கவேல். நம் ஆட்களுக்கு வைத்தியத்துக்கு முன்னால் அது தெரிய வேண்டும்.

"மெட்ராஸ்" என்றேன்.

"நான் பண்ருட்டி. பலாப்பழத்தை ஊர்லயே விட்டுட்டு முந்திரியை மட்டும் புடிச்சிக்கிட்டு ஆப்பிரிக்கா போனவன்." சிரித்தார். "எனக்கு மலேரியா புதுசு இல்லம்மா. வருஷத்துக்கு ஒருவாட்டி வந்து பார்த்துட்டுப் போவும். இங்க கிளம்பறதுக்கு முன்னாடி கூட வந்துச்சி. மாத்திரை போட்டேன், போயிடுச்சி. அந்த மாத்திரை இல்லாம நான் ஏரோப்ளேன் ஏறவே மாட்டேன். பெட்டியில முறுக்கு ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம்."

"இங்க வந்தப்புறமும் நீங்களே போட்டுக்கிட்டீங்களா?"

"பின்ன? உடம்பு சுட்ட உடனே போட்டேன். காய்ச்சல்னா மலேரியாதானே. இவதான் பயந்துபோயி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்துட்டா."

அந்தப் பக்கத்தில் வாழ்கிற நம் ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். எல்லார் பெட்டியிலும் அந்த மாத்திரை இருக்கும். அதில் தப்பும் இல்லை, பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்கு மலேரியா என்பதே இன்னொரு பெயர் என்று ஆகிவிடுகிறது. நாம் இங்கே டாக்டர்களாக இருந்துகொண்டு வேறு மாதிரிப் பண்ணுகிறோமா என்றால் அதுவும் இல்லை. லீவுக்குச் சென்னை போய்விட்டுக் காய்ச்சலோடு வந்தால் டெங்கு, ஆப்பிரிக்காவிலிருந்து காய்ச்சலோடு வந்தால் மலேரியா என்று தலைக்குள் ரெண்டு டப்பா வைத்திருக்கிறோம். கொசுவுக்கு இந்த டப்பா விஷயம் தெரியாது.

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. காலும் அப்படித்தான். "வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"லேசா வலி. காலையில இட்லி சாப்பிட்டேன், நிக்கல, வெளிய வந்துடுச்சி. மாத்திரை சூடு."

"யூரின் போனீங்களா?"

யோசித்தார். "நேத்து ராத்திரி போனது."

கவிதாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

மீராவை அழைத்து, அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து எடுத்த மூன்று நாள் ரத்த ரிசல்ட்டைப் பார்த்தோம். ஹெமட்டோக்ரிட் என்று ஒரு கணக்கு உண்டு, ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று சொல்லும். அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே வந்திருந்தது. வார்டில் எல்லாரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள், ரத்தம் நல்லா ஊறுகிறது என்று. மலேரியா ரத்தச் சிவப்பணுவை உடைக்கிற வியாதி. அதில் இந்தக் கணக்கு இறங்க வேண்டும், ஏறக் கூடாது. ஏறுகிறது என்றால் ரத்தத்தில் இருக்கிற தண்ணீர், ரத்தக் குழாயை விட்டு எங்கேயோ கசிந்துகொண்டிருக்கிறது. அப்படிக் கசிவது டெங்குவில். அதுவும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்.

"பட் த மலேரியா டெஸ்ட் இஸ் பாஸிட்டிவ்" என்றாள் மீரா.

"ஆமா. அந்த டெஸ்ட் பொய் சொல்லல. போன மலேரியாவைப் பத்திச் சொல்லுது." வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி பண்ணிப் போன பிறகும் அவர் பேருக்குத் தபால் வந்துகொண்டிருக்கும் இல்லையா, அந்த மாதிரி. மலேரியா போன பிறகும் அந்த அட்டையில் சில வாரங்களுக்குக் கோடு விழும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கிருமி ஒன்றுகூட இல்லை. அதையும் மருந்து வேலை செய்துவிட்டது என்று எழுதி வைத்திருந்தார்கள். யாரும் முட்டாள் இல்லை. கையில் ஒரு பதில் கிடைத்துவிட்டால் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவோம், அவ்வளவுதான். உங்களுக்கும் நடக்கும்.

சென்னையில் நான் படித்த காலத்தில் காய்ச்சல் வார்டில் எங்களுக்கு ஒரு சீஃப் இருந்தார். காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "யாருக்குய்யா காய்ச்சல் விட்டுது?" நெருப்பாகக் கொதிக்கிறவர்களை விட்டுவிட்டு, தலை சீவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பவர் கட்டிலுக்கு நேராகப் போவார். நாங்கள் அவருக்குக் காய்ச்சல் விட்டோர் சங்கத் தலைவர் என்று பேர் வைத்துக் கிண்டல் பண்ணுவோம். அந்த வெள்ளிக்கிழமை, சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்த தங்கவேலைப் பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். டெங்கு டெஸ்ட்டுக்கு ரத்தம் வெளியே அனுப்ப வேண்டும், பதில் வர நாளாகும். என் கையில் இருப்பது சந்தேகம். அவர்கள் கையில் இருப்பது பாஸிட்டிவ் டெஸ்ட், விட்டுப்போன காய்ச்சல், சிரித்த முகம். கீழே எமர்ஜென்சியில் கட்டிலுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். மறுநாள் சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ஹாலில் வளைகாப்பு.

"வீட்டுக்கு இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆன்டி, ப்ளீஸ். அம்மா போனதுக்கப்புறம் எனக்கு அப்பா மட்டும்தான். நாளைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க. ஃபங்ஷன் முடிஞ்ச உடனே நானே டிரைவ் பண்ணிக் கூட்டிட்டு வந்துடறேன்."

தங்கவேல் கோபத்தோடு எழுந்து நின்றார். நின்ற வேகத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா விளையாடறீங்களா? டெங்கு மெட்ராஸ்ல வர்றது. ஆப்பிரிக்காவுல இத்தனை வருஷமா இருக்கேன், ஒருத்தனுக்கு டெங்குன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல."

"யாருக்காவது டெஸ்ட் பண்ணினாங்களா?"

அவர் கம்பியைப் பிடித்தபடியே மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஊர்ல சின்ன கிளினிக்ல மலேரியா அட்டை இருக்கும். டெங்கு அட்டை எத்தனை இடத்துல பார்த்திருக்கீங்க? காய்ச்சல்னு வர்றவங்களுக்கு மலேரியா இல்லேன்னு தெரிஞ்சாலும் வேற என்னன்னு பார்க்கக் கையில ஒண்ணும் கிடையாது. அதனால மறுபடி மலேரியா மாத்திரையே குடுப்பாங்க. பார்த்த இடத்துல எல்லாம் டெங்கு இருந்திருக்கு. பார்க்காத இடத்துல இல்லைன்னு நினைச்சுக்கறோம்." அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னேன். "டெங்குவுல காய்ச்சல் அடிக்கும்போது ஆபத்து கம்மி. காய்ச்சல் விட்டு, ஆளு நல்லா ஆயிட்டேன்னு எழுந்து நடக்கிறப்பதான் சில பேருக்கு உள்ள ரத்தக் குழாய் கசியும். வயிறு வலிக்கும், கை கால் சில்லுன்னு ஆகும். அப்புறம் பிரஷர் திடீர்னு விழுந்துடும்."

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜுமா" என்றார்.

கவிதா, "அப்பாவோட குடோன்ல லோடு பார்த்துக்கிட்டவர் ஆன்டி. ரொம்ப வருஷமா கூடவே இருந்தாரு. போன வருஷம் இறந்துட்டாரு, மலேரியால" என்றாள்.

"மலேரியான்னாங்க" என்றார் தங்கவேல். "நல்ல காய்ச்சல். கிளினிக்ல மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு மூணு நாள்ல விட்டுடுச்சி. கப்பலுக்குச் சரக்கு ஏத்தணும், ஆளில்ல. நான்தாம்மா போன் போட்டு, காய்ச்சல்தான் விட்டுடுச்சே, வாடான்னேன். சிரிச்சிக்கிட்டே வந்தான். மத்தியானம் வயித்தைப் புடிச்சிக்கிட்டு மூட்டை மேல படுத்தான். கையைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்துச்சி. நான் நெனச்சேன், காய்ச்சல் நல்லா எறங்கிடுச்சின்னு." தன் ஒரு கையால் மறு கையைத் தொட்டுப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டான். அவனுக்கு இதுதானா டாக்டரம்மா?"

இந்த மாதிரி இடத்தில் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆமாம் என்று சொன்னால் அவர் அங்கேயே தங்கிவிடுவார், என் வேலை சுலபமாகிவிடும். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை வைத்து அவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிற பாரத்தை ஏற்றி அனுப்ப எனக்கு உரிமை இல்லை. இல்லை என்று சொல்லி ஆறுதல் படுத்தவும் முடியாது.

"தெரியாது" என்றேன். "இருந்திருக்கலாம். யாரும் பார்க்கல, அதனால இனிமே தெரியப்போறதும் இல்ல. அவரை வரச் சொன்னப்போ உங்களுக்கு இது தெரியாது. இப்ப தெரியும்."

தங்கவேல் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். "கவிதா, அந்த ஆஸ்பத்திரி கவுனை எடு" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் பிரஷர் விழுந்தது. நான் பயந்த மாதிரியேதான். ஆனால் எங்கள் கைக்குள் இருக்கும்போது விழுந்தது, ஹாலில் நாதஸ்வர சிடி ஓடிக்கொண்டிருக்கும்போது விழவில்லை. ஐசியூவுக்கு மாற்றினோம். சலைன் ஏற்றுவதில்தான் சாமர்த்தியம் முழுக்க. குறைந்தால் பிரஷர் நிற்காது, கூடினால் நுரையீரலில் தேங்கும். மீரா கட்டிலை விட்டு நகரவில்லை. அவர் முட்டிவலிக்காகப் பையில் வைத்திருந்த வலி மாத்திரையையும் அவள்தான் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். டெங்குவில் அந்த மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். அவள் ஒருதடவை என்னிடம், "வாட் இஃப் இட்ஸ் நாட் டெங்கு?" என்று கேட்டாள். "அப்படீன்னா ஒருத்தர் ஒரு ஃபங்ஷனை மிஸ் பண்ணிட்டாரு, நான் எல்லார்கிட்டயும் திட்டு வாங்குவேன். ரெண்டையும் சரி பண்ணிக்கலாம்" என்றேன். அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பழகுங்கள். நான் தப்பாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், அவர்கள் தப்பாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம். பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும்.

கவிதா வளைகாப்பைத் தள்ளிப்போடுகிறேன் என்றாள். தங்கவேல் ஆக்சிஜன் குழாயோடு விரலை ஆட்டினார். "நாள் பார்த்து வெச்சது. போய்ப் போட்டுக்கிட்டு வா."

சனிக்கிழமை மத்தியானம் ஐசியூ காரிடாரில் ஒரு சத்தம் கேட்டு நர்ஸெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பட்டுப்புடவை, கன்னத்தில் சந்தனம், ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கவிதா நடந்து வந்தாள். அந்தச் சத்தம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கேட்க வேண்டும் என்றுதான் வளையல் போடுவார்கள். அன்று அது தாத்தாவுக்கும் கேட்டது. கண்ணைத் திறந்து, "கலந்த சாதம் கொண்டாந்தியா?" என்றார். அப்போது அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு இல்லை, உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு இருக்க வேண்டிய சூடு. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அவள் கொண்டுவந்திருந்த புளியோதரை டப்பாவை நானே திறந்து முதல் ஆளாகச் சாப்பிட்டேன்.

ரிசல்ட் அடுத்த வாரம் வந்தது. டெங்குதான். மீரா அந்தப் பேப்பரை என் மேஜையில் வைத்துவிட்டு, முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினாள். "கரெக்டா சொன்னீங்க ஆன்டி." அதுவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சரியாகச் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்வதற்கு என் வீட்டுக்காரர் ஒருத்தர் போதும்.

தங்கவேல் பேத்தியைப் பார்த்துவிட்டு டார் எஸ் சலாம் திரும்பிப் போனார். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், வீட்டில் கத்தரிக்காய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் போன் வந்தது.

"டாக்டரம்மா, தங்கவேல் பேசறேன். பண்ருட்டி."

"சொல்லுங்க. பேத்தி எப்படி இருக்கா?"

"அது இருக்கட்டும். ஜுமா சம்சாரம் ஆஷா இப்ப என் குடோன்லதான் இருக்கா, டீ போடறது, கணக்குப் பார்க்கறதுன்னு. அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சி. கிளினிக்ல அட்டையில பார்த்தாங்க, மலேரியா இல்ல. ஆனா மாத்திரை மலேரியாவுக்குத்தான் குடுத்தாங்க. நீங்க சொன்னீங்களே, அதே மாதிரி. நான் விடல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி டெங்கு பாருங்கன்னு சண்டை போட்டேன். பார்த்தாங்கம்மா. அதேதான்."

நான் குழாயை மூடிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்புறம் காய்ச்சல் விட்டுடுச்சி. போன் பண்றா, நாளைக்கு வேலைக்கு வந்துடறேன்னு. வராதேன்னேன். கப்பல் நிக்குது, நிக்கட்டும்னு குடோனைப் பூட்டிட்டேன். அவளைத் திரும்ப ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, அவ அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உக்காந்துக்கிட்டோம். அவ கையைத் தொட்டுப் பாருன்னு அக்காகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன், சூடா இருக்கா, சூடா இருக்கான்னு."

எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. "இப்ப எப்படி இருக்காங்க?"

அந்தப் பக்கம் ஏதோ டம்ளர் வைக்கிற சத்தம். யாரோ ஒரு பெண் அந்த ஊர் ஸ்வாஹிலியில் என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

"இப்பதாம்மா டீ கொண்டாந்து வெச்சிட்டுப் போறா" என்றார் தங்கவேல். ஒரு வாய் குடித்தார் போல. "சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி."